சின்னக் கட்டுக்கு முதலிடம்

"மொத அட்டையில அறுபது நிமிஷம்னு போட்டா எப்டிக்கா? நாப்பதுன்னு போடுங்க. மேஸ்திரி உங்களை முன்னால தள்ளிவுடும்," என்றாள் சம்பூர்ணம்.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை. எந்த வேலை முதலில், எது பிறகு என்று கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு தீர்மானிக்கிற புரோகிராமுக்கு அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்திருந்த பெயர். ஒவ்வொரு கணக்கும் துளையிட்ட அட்டைகளின் ஒரு கட்டு; எத்தனை நிமிடம் வேண்டும் என்பதை அதன் முதல் அட்டை சொல்லும். குறைந்த நேரம் கேட்கிற கட்டை மேஸ்திரி முதலில் எடுத்துக்கொள்ளும். கேட்ட நேரத்துக்குள் முடியாவிட்டால் பாதியிலேயே வெளியே தள்ளிவிடும்.

வசந்தா யோசித்துப் பார்த்தாள். அவள் கணக்கு உண்மையில் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பயத்தில்தான் அறுபது கேட்டிருந்தாள். முதல் அட்டையை மாற்றினாள்.

சம்பூர்ணம் எண்ணூறு அட்டைகளையும் மேசையில் தட்டிச் சீராக்கி, வலை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ரப்பர் பேண்டு உப்புக்காத்துல இத்துப்பூடுது. இது எங்க குப்பத்து முடிச்சுக்கா. நான் அவுத்தாத்தான் உண்டு."

அந்தக் கட்டடத்தில் பெண்கள் இரண்டே பேர். வசந்தா செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்குகளை எழுதுபவள். சம்பூர்ணம் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய குப்பத்துப் பெண். டைப்ரைட்டிங் பாஸ் செய்து, அட்டைகளில் துளையிடவும், ஜன்னலில் வருகிற கட்டுகளை வாங்கி இயந்திரத்துக்குள் செலுத்தவும் வந்தவள். மத்தியானம் இருவரும் சவுக்கு மரத்தடியில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

சனிக்கிழமை காலை இந்தக் கணக்கின் விடை தபாலில் போனால் வசந்தாவுக்குப் பம்பாயில் வேலை. போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. இன்று வியாழக்கிழமை. அவர்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பது தினமும் மூன்றிலிருந்து நாலு மணி வரை மட்டுமே. பத்து நாளாக அவள் முறை வரவில்லை.

அன்றும் நாலு அடித்தது. ஆபரேட்டர் கங்காதரன், கம்ப்யூட்டர் இருந்த குளிர் அறையின் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "வசந்தாம்மா, உங்க கட்டு இங்கியே குடித்தனம் பண்ணுது. ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்துடலாமா?"

"நாப்பதுன்னுகூட போட்டேனே, சார்?"

"ரெண்டு நிமிஷக் கட்டா வந்துகினே கீது. மேஸ்திரி இன்னா பண்ணும்?"

வாசலில் சம்பூர்ணத்தின் அண்ணன் சிங்காரம் வழக்கம்போல் சைக்கிளோடு நின்றிருந்தான். வசந்தாவைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. "நாளைக்கும் வருவீங்கல்லம்மா?" என்று தினமும் கேட்பதையே கேட்டான். வசந்தா தலையாட்டினாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். வீட்டிலும் அவளுக்கு இதேதான். காபி, தண்ணீர்க் குடம், தங்கைக்குப் பின்னல் என்று சின்ன வேலைகளெல்லாம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். அவளுடைய ஒரே பெரிய வேலை மூலையில் காத்துக்கிடக்கும். மனுஷர் யாராவது தடுத்தால் சண்டையாவது போடலாம். மேஸ்திரியிடம் போய் எதைச் சொல்லி அழுவது?

வெள்ளிக்கிழமை சம்பூர்ணம் இன்னொரு வழி சொன்னாள். அவள் கண்கள் தூங்காதவள் கண்களைப்போல் சிவந்திருந்தன. "மூணா வெட்டிப் போடுங்கக்கா. ஒவ்வொண்ணும் பதிநாலு நிமிஷம். ஒண்ணோட விடையை டேப்புல எழுதிவெச்சு அடுத்தது எடுத்துக்கட்டும்."

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்டே?"

"பார்த்துகினே இருக்கேனில்ல? அது எதுக்கு எடம் வுடும், எதுக்கு வுடாதுன்னு எனக்குத் தெரியும்."

காலை முழுவதும் வசந்தா கணக்கை மூன்றாக வெட்டினாள். இரண்டே முக்காலுக்கு மூன்று கட்டுகளும் உள்ளே போயின. கண்ணாடிக்கு வெளியே நின்று காகிதம் அச்சாகி வருவதைப் பார்த்தபடி இருந்தாள். மூன்றேகால். மூன்றரை. வந்த காகிதங்கள் எல்லாம் ஒரு முழம்கூட இல்லாத சின்னச் சின்னத் துண்டுகள்.

மூன்று ஐம்பதுக்கு அவளால் நிற்க முடியவில்லை. இனி ஒரு கட்டுகூட முழுதாக ஓடாது. அனுமதி கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கங்காதரன் மறுகோடியில் டேப் மாற்றிக்கொண்டிருந்தார்.

முடிந்த கட்டுகள் போடும் தட்டு நிரம்பியிருந்தது. நாலைந்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். மீதி இருபதும் வலை நூலில் கட்டியவை. இருபதிலும் அதே முடிச்சு.

ஒன்றை எடுத்து முதல் அட்டையைப் பார்த்தாள். இரண்டு நிமிடம். பெயர்: ராமானுஜம். அடுத்ததும் ராமானுஜம். அதற்கடுத்ததும் அவரே. அவர் போன வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய பழைய பயிற்சிக் கணக்குகள் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தவை. அலமாரிச் சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது.

வசந்தா திரும்பினாள். அட்டை செலுத்தும் இடத்தில் சம்பூர்ணம் நின்றிருந்தாள். கையில் இன்னொரு சின்னக் கட்டு. பாதி அவிழ்த்த முடிச்சு.

"பத்து நாளா நீதானா?" வசந்தாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உனக்கு நான் என்னடி பண்ணேன்?"

சம்பூர்ணத்தின் கண்ணீர் அட்டைகளின்மேல் சொட்டியது. நனைந்த அட்டையை இயந்திரம் ஏற்காது என்பதால் அவசரமாக முந்தானையால் ஒற்றினாள். வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"நீங்க பம்பாய்க்குப் பூட்டா, ஆம்பளைங்க மட்டும் கீற எடத்துக்கு எங்க அண்ணாத்த என்னை அனுப்பாதுக்கா."