முதல் அட்டவணை

“சார், முதல் அட்டவணையை எடுக்க மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க.”

ஆய்வக வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் சிட்டு. ஆள் குருவி மாதிரி இருப்பதால் வந்த பெயர். பின்னால், அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவளைக் கறார் என்று கூப்பிடுவார்கள். வகுப்பில் எப்போதும் முதலிடம். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை பேசிப் பார்த்தாலே போதும்.

அறிவியல் ஆசிரியர் பீக்கர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன அட்டவணை?”

“உருளைக்கிழங்கு சார்.”

சவ்வூடு பரவல் சோதனை. உருளைக்கிழங்கை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் ஊறப்போட்டு, மறுநாள் அளக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கிடந்தது நீரை உறிஞ்சி நீளும்; உப்பில் கிடந்தது நீரை இழந்து சுருங்கும். இருவருக்கு ஓர் அறிக்கை, ஒரே மதிப்பெண்.

ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை வாங்கினார். நோக்கம், பொருள்கள், செய்முறை எல்லாம் அச்சுக் கோத்த மாதிரி இருந்தன. முதல் அட்டவணைக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

“உப்புல கிடந்தது நீண்டிருக்கு, தண்ணியில கிடந்தது சுருங்கியிருக்கு. உலகத்துல எங்கயும் நடக்காத அதிசயம் நம்ம ஸ்கூல்ல நடந்திருக்கே!”

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். “நான் அளந்தது சார். தப்பாயிடுச்சு. அவ திரும்ப அளந்து, சரியா ரெண்டாவது அட்டவணை போட்டுட்டா. அப்புறம் எதுக்கு சார் இது?”

“அளந்தது அளந்ததுதான். மறைக்கக் கூடாது” என்றாள் கறார். “‘பிழையும் காரணமும்’னு கடைசியில ஒரு பகுதி இருக்கே, அதுல எழுதியிருக்கேன்.”

“பேப்பர்ல என் மானத்தை வாங்கணுமாடி உனக்கு?”

“உன் பேரை எழுதலை. ‘அளக்கப்பட்டது’ன்னுதான் எழுதியிருக்கேன்.”

“ஆமா, இருக்கறது ரெண்டு பேரு. நீ இல்லைன்னா வேற யாருன்னு யாருக்கும் தெரியாதாக்கும்!”

ஆசிரியருக்கும் சிட்டு சொல்வது நியாயமாகப் பட்டது.

“இங்க பாரும்மா. முதல் அட்டவணை இருந்தா நான் மார்க் குறைச்சே ஆகணும். உனக்குக் கவலையில்லை. இவளுக்கு? இதுல நல்ல மார்க் வந்தாத்தான் அறிவியல்ல தேறுவா. எடுத்துடு.”

“எடுக்க மாட்டேன் சார்.”

“உன் முதலிடமும் போயிடும்.”

“போகட்டும் சார்.”

“கொழுப்பு சார் இவளுக்கு!” சிட்டுவின் குரல் உடைந்தது. “இனிமே என்கிட்ட பேசாத.”

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள், வழியில் கிடந்த ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனாள்.

ஆசிரியருக்குக் கோபம் வந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த ஈரமின்மையை அவர் நிறையப் பார்த்திருந்தார். அதை வளர்த்துவிட்டதில் தனக்கும் பங்கு உண்டோ என்ற உறுத்தலும் இருந்தது.

“ஒரே டப்பாவுல சாப்பிடறீங்க. ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போறீங்க. ஆனா உனக்கு உன் அறிக்கைதான் பெரிசு. கூட இருக்கறவ எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, அப்படித்தானே?”

கறாருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“வாயைத் திறந்து சொல்லேம்மா.”

“ஸ்கூல்ல யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார். கேலி பண்ணுவாங்கன்னு அவளுக்குப் பயம். நீங்க அந்தக் கடைசிப் பகுதியைப் படிங்க.”

ஆசிரியர் பக்கத்தைத் திருப்பினார்.

‘முதல் அளவீட்டில், அளவுகோலின் கோடுகள் கண்ணால் பார்த்து எண்ணப்படவில்லை, விரல் நகத்தால் தடவி எண்ணப்பட்டன. அளந்தவரின் கண்ணுக்கு அந்தக் கோடுகள் தெரியவில்லை. கரும்பலகையும் தெரிவதில்லை. பரிந்துரை: சோதனையைத் திரும்பச் செய்வதற்கு முன் கண் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.’

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள் என்று சிட்டுவைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது அவர்தான்.

“இதை அவங்க வீட்டுல சொல்லலையா?”

“அவ சொல்லிப் பார்த்தா. நானும் போய்ச் சொன்னேன் சார். படிக்க உடம்பு வணங்காம கண்ணு மேல பழி போடறா, அதுக்கு நீ சாட்சியான்னு அவங்க அப்பா என்னையும் சேர்த்துத் திட்டி அனுப்பிட்டாரு.”

“சரி, அதுக்காக மார்க்கை விடறதா? தேறாமப் போயிட்டா?”

“கண்ணாடி போட்டுட்டு வந்து அவளே திரும்ப அளக்கட்டும் சார். அப்ப சரியான மார்க்கைப் போடுங்க. இப்பக் குறைச்சுடுங்க.”

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேங்கற. குறைக்கச் சொல்லி நீயே கேக்கற. எனக்கு ஒண்ணும் புரியலைம்மா.”

“அறிக்கையில பெத்தவங்க கையெழுத்து வேணுமே சார். நல்ல மார்க்கா இருந்தா அவங்க அப்பா பிரிச்சுக்கூடப் பார்க்காம போட்டுடுவாரு. குறைஞ்சிருந்தாத்தான், ஏன் குறைஞ்சுதுன்னு கடைசி வரி வரைக்கும் படிப்பாரு.”