தொட்டுப் பார்த்த வயிறு

“சார், குடி முழுகிப் போச்சு!” என்று முதலாளியின் அறைக்குள் ஓடி வந்தாள் ‘எந்தப் பக்கம்’.

அது ஆஸ்பத்திரி அவளுக்கு வைத்த பெயர். டாக்டர் எழுதும் நோயை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புரியும் கோடு நம்பராக மாற்றித் தருவது அவள் வேலை. ‘வயிற்றைத் தொட்டால் வலி’ என்று மொட்டையாக எழுதினால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். மேலா, கீழா, வலதா, இடதா? மூலைக்கு ஒரு நம்பர் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரைத் துரத்தித் துரத்தி, “எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டு அவர் பிராணனை வாங்கினாள்.

டாக்டர் லேசுப்பட்டவரா? ‘வலது கீழ்ப் பக்கம், அழுத்தினால் வலி, கையை எடுத்தால் இன்னும் வலி’ என்று ஒரே பட்டனில் கம்ப்யூட்டரில் வந்து விழும்படி செய்துகொண்டார். அன்று முதல் வாய்வு, அஜீரணம், ஆபீஸுக்கு மட்டம் போட வந்த வயிறு எல்லாமே வலது கீழ்ப் பக்கம் வலிக்க ஆரம்பித்தன. எல்லோருக்கும் அட்மிஷன், எல்லோருக்கும் குளுக்கோஸ் டிரிப், எல்லோர் பேரிலும் கம்பெனிக்கு பில். ஒரு வயிற்றையாவது அவர் தொட்டால்தானே!

போன மாதம் ஒரு லாரி டிரைவருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே குடல்வால் வெடித்துவிட்டது. பக்கத்து நகரத்துக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆள் பிழைத்தது தெய்வச் செயல். இத்தனைக்கும் ஆபரேஷனில் டாக்டர் கைதேர்ந்தவர். மனசு வைத்தால் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனசுதான் வைக்க மாட்டார்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் முதலாளி.

“இன்ஷூரன்ஸ் கம்பெனியில என் தோழி ஒருத்தி இருக்கா சார். உங்க ஊர்ல மட்டும் எல்லாருக்கும் எப்படி ஒரே இடத்துல வலிக்குதுன்னு அங்க சந்தேகம் வந்துடுச்சாம். நோயாளி மாதிரி ஒரு ஆளை வேவு பார்க்க அனுப்பியிருக்காங்களாம். இன்னிக்கே!”

முதலாளிக்கு ஏசியிலேயே வியர்த்தது. டாக்டரைக் கூப்பிட்டார். “மாட்டினோம்னா கம்பிதான்யா எண்ணணும்” என்று அவர் காதைக் கடித்தார்.

‘எந்தப் பக்க’த்தின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. பாவம், வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

“ஆள் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

“நாலு வார்த்தை பேசினா தெரிஞ்சிடும் சார்” என்று கிளம்பினாள். மற்ற இருவரும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வயிற்று வலிக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டர் ஒருவர் வயிற்றை மொத்தமாகத் தடவி, “இங்கதாம்மா... எங்கயோ” என்றார். ஒரு டீச்சர், “காலையில முன்னாடி இருந்துச்சு, இப்போ முதுகுக்குப் போயிடுச்சு” என்றார். மூன்றாமவர் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்து நிதானமாகச் சொன்னார்: “வலது கீழ்ப் பக்கம். அழுத்தினா வலி. கையை எடுத்தா இன்னும் வலி.”

அவள் திரும்பி வந்தாள். “பேனாக்காரர்தான் சார்! நிஜமா வலி வந்தவங்க யாராவது இப்படிப் பாடம் ஒப்பிப்பாங்களா? நான் கோடு போடுற வார்த்தை அப்படியே வருது!”

“பலே!” என்றார் டாக்டர். “வரச் சொல்லு. முறையாத் தொட்டுப் பார்த்து, முறையா எழுதி, ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடுறேன்.”

பேனாக்காரர் கட்டிலில் படுத்தார். நடிப்பவர்கள் டாக்டரின் விரலைப் பார்த்துத்தான் கத்துவார்கள், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டால் சும்மா இருந்துவிடுவார்கள். எனவே டாக்டர் சத்தம் கேட்பதுபோல் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, “என்ன வேலை பார்க்குறீங்க?” என்று பேச்சுக் கொடுத்தார்.

“கம்பெனியில கணக்கு...”

டாக்டரும் முதலாளியும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஸ்டெதஸ்கோப் மெல்ல அழுந்தியது.

“ஐயோ!” என்று அலறிவிட்டார் பேனாக்காரர்.

டாக்டரின் முகம் மாறியது. இடது பக்கம் அழுத்தினார். வலது பக்கம் வலித்தது. கையை எடுத்தார், பேனாக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் முதலாளியை வெளியே இழுத்து வந்தார்.

“நிஜமாவே குடல்வால் சார்! எப்ப வேணும்னாலும் வெடிச்சிடும்!”

“வேவு பார்க்க வந்தவனுக்கே வயித்து வலியா!” முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. “சாமி கண்ணைத் திறந்துட்டார்யா! ராஜ வைத்தியம் பண்ணு. பெரிய ரூமைக் கொடு. பில்லுன்னு பேச்சே எடுக்காதே!”

டாக்டர் உயிரைக் கொடுத்து ஆபரேஷன் செய்தார். ‘எந்தப் பக்கம்’ முடியும்வரை தியேட்டர் வாசலைவிட்டு நகரவில்லை. சாப்பிடக்கூட இல்லை. நம்ம ஆஸ்பத்திரிமேல இந்தப் பொண்ணுக்கு என்ன அக்கறை என்று முதலாளி நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் காலை கையெழுத்து வாங்கும் சாக்கில் அவள் அந்த அறைக்குள் போனாள். நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினாள். பேனாக்காரர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒப்பிச்சேன். எவ்வளவு பொறுப்பா வயித்தைத் தொட்டுப் பார்த்தார், தங்கமான மனுஷன்! அவரைப் போய் தினமும் வீட்டுல கரிச்சுக் கொட்டுறியேடி!” என்றார் அவள் கணவர்.