சிவப்பதற்குக் கால் மணி நேரம்

அதிகாலையில் அறுத்த ஆட்டுக்கறியைக் குளிரவைத்து, காற்றை உறிஞ்சிப் பையில் அடைத்து, நான்கு டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார் சிக்கந்தர். பைக்குள் அது நாவற்பழ நிறத்தில் கிடந்தது.

"என்ன பாய், கறுத்துப்போனதைக் காட்டுறீங்க? பிள்ள பெத்த மகளுக்கு சூப்பு வைக்கணும்" என்றாள் செண்பகவல்லி.

"காத்து படலைக்கா, அதான். பிரிச்சா கால் மணி நேரத்துல செவந்துரும்."

பிரித்த பையை அன்றைக்கே விற்றாக வேண்டும். தெரிந்தேதான் கத்தரி வைத்தார். இருவரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல் கறியையே பார்த்து நின்றார்கள். கறிக்கு ஓர் அவசரமும் இல்லை.

"கறிக்கு வெக்கம் வர்ற வரைக்கும் நான் காத்துக் கெடக்கணுமாக்கும்!" என்று அவள் எதிர்க்கடைக்கு நடந்தாள். அங்கே காலையிலிருந்து வெக்கையில் தொங்கிய தொடை, சிவப்பு பல்பின் கீழ் புதுமாப்பிள்ளையாக மினுங்கியது.

"அக்கா, அது வேணாம்க்கா! பச்ச உடம்புக்காரிக்கு ஆகாது!"

"உங்க சரக்கு போகலைன்னா அடுத்தவன் சரக்கு சொத்தையா?"

சிக்கந்தர் திரும்பிப் பார்த்தார். தட்டிலிருந்த கறி செக்கச்செவேலென்று மலர்ந்திருந்தது. ஒரு துண்டை உள்ளங்கையில் ஏந்தித் தெருவைக் கடந்து ஓடினார்.

"செவந்துருச்சுக்கா! பாருங்க!"

பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள சாயம் தடவிட்டீங்களே பாய்!"

ஆட்டோ போய்விட்டது. நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. எதிர்க்கடை ஈ ஒன்று அதில் வந்து உட்கார்ந்தது.