தினமும் ரிப்பேர்

இன்னைக்கும் இருசப்பனோட ஆட்டோ கிரிவலப் பாதையில அதே எடத்துல, ரோட்டுக்குக் குறுக்கால நின்னுபோச்சு.

பின்னாடி இருந்த பஸ்காரர் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கவே இல்ல. டிராபிக் போலீஸ் சினேகாவுக்குப் பொறுமை போயிடுச்சு.

"யோவ், தினமும் இங்கதான் நிக்கணும்னு அண்ணாமலையாருக்கு ஏதாவது வேண்டுதலா? இன்னைக்கு வண்டி ஸ்டேஷனுக்குத்தான் போகுது."

இருசப்பன் இறங்கி அவகிட்ட வந்தாரு.

"மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்க. அதோ ரோட்டைத் தாண்டுதே, அந்தப் பொண்ணு பேரு அபிநயா. குங்குமக் கடையில வேலை. பொறவியிலயே ஜீன்ல ஏதோ கோளாறு. ரொம்ப அபூர்வமாத்தான் வருமாம்."

"கண்ணு தெரியாதா?"

"போர்டெல்லாம் நல்லா படிக்கும். ஆனா எதிர்ல வர்ற வண்டி வேகமா வருதா, மெதுவா வருதானு மட்டும் அதுக்குப் பிடிபடாது. மனுஷங்க நடந்தா வேற கதை. நடையை வெச்சே, அவ்ளோ தூரத்துல வர்றது யாருன்னு சொல்லிடும்."

சினேகாவுக்குக் கோவம் போய் ஆச்சரியம் வந்துடுச்சு. "அது எப்படிய்யா?"

"டாக்டருங்களே அதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்களாம்."

"அப்போ கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"புடிச்சா அழுதுடும் மேடம். தனியா ரோட்டைத் தாண்டுனாத்தான் வேலைக்கு அனுப்புவேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. அதான் நானு..."

சினேகா ரோட்டு நடுவுல போய் நின்னா. பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி வெச்சா. பொண்ணு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஆட்டோ தானா சரியாயிடுச்சு.

மனசு கேக்காம மத்தியானம் சினேகா குங்குமக் கடைக்குப் போனா. "தனியாவே ரோட்டைத் தாண்டிட்டியே, கெட்டிக்காரிதான்."

அபிநயா சுத்தும் முத்தும் பார்த்துட்டுச் சிரிச்சா.

"மேடம், ஒரு நாள் வண்டி நெஜமாவே ரிப்பேராச்சு. அன்னைக்கு இருசப்பண்ணா காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தாரு. தினமும் காலையில இறங்கி நடக்குறாரே, அது சாமி கும்பிட்டுட்டு வர்றவங்க நடை."

சினேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அவருக்கு மனசு கஷ்டமாயிடும் மேடம். அதான் அவரு பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க வரும்போதெல்லாம், 'இன்னைக்கும் ரிப்பேராண்ணா, பாவம்'னு நானும் ஆறுதல் சொல்லிடுவேன்."