உச்சிக் கொம்பில் இரண்டு பேர்

நாவல் மரத்து உச்சிக் கொம்பில் காக்கா மட்டும்தான் உட்காரும். பருந்து வந்தால் அங்கிருந்து கரையும். கீழே எல்லாரும் ஓடி ஒளிவார்கள். அதற்குக் கூலி, ஆளுக்குத் தினம் ஒரு பழம்.

ஒருநாள் காக்கா வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தது. அணிலின் கடைக்குட்டி பருந்தின் நகத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. அணில் போய்க் கேட்டால், “பிடிக்கலைன்னா வேற ஆளைப் பாரு” என்றது காக்கா. வேறு ஆள் இல்லை என்ற தைரியம்!

அணில் சும்மா விடுமா? பக்கத்துத் தோப்பிலிருந்து இரட்டைவால் குருவியை அழைத்து வந்தது.

குருவி உச்சிக் கொம்பில் உட்கார்ந்ததும், “என் கொம்பு, இறங்கு!” என்று காக்கா கொத்தப் போனது.

“மரத்தண்ணே, இது உங்க கொம்பா, காக்கா கொம்பா?” என்று கேட்டது அணில்.

“என் கொம்புதான் தங்கச்சி. ரெண்டு பேரும் உட்காரட்டும். பழம் யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

மறுநாளே குருவி, அணிலுக்கு அணில் குரலிலும் கோழிக்குக் கோழிக் குரலிலும் எச்சரிக்கை கொடுத்து அசத்தியது. காக்காவுக்குப் பொறுக்குமா? பருந்துக்கு ஒரு முறை, பாம்புக்கு இரண்டு முறை கரைய ஆரம்பித்தது. பாதிப் பழம் போதும் என்றும் சொல்லிவிட்டது.

இப்போது பருந்து தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாலே இரண்டும் போட்டி போட்டுக் கத்துகின்றன.

“என்னக்கா, காது கிழியுது!” என்று சலித்துக்கொண்டது கோழி.

அணில் வாலை நிமிர்த்தியது. “கத்தட்டும்டி. பொந்துக்குள்ள எட்டிப் பாரு, மூணு குட்டியும் பத்திரமா இருக்கு. அதுங்க ரெண்டையும் ஒரே கொம்புல உட்காரவச்சது யாரு? நான்தான்!”