இரண்டு கேன் தண்ணீர்

தகனம் முடிந்தால் இப்போதெல்லாம் சாம்பல் தருவதில்லை. தனிமம் தனிமமாகப் பிரித்துப் புட்டிகளில் தந்துவிடுகிறார்கள். லோகேஷ் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், மனைவி சுகன்யாவின் கால்சியத்தை மகனும் மூன்று கிராம் இரும்பை மகளும் எடுத்துக்கொண்டு விமானநிலையம் கிளம்பிவிட்டார்கள். எந்த வகை நட்சத்திரத்தில் உண்டானது என்று ஒவ்வொரு புட்டியிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

அவருக்கு மிஞ்சியது இருபது லிட்டர் கேன்கள் இரண்டு.

"இதுல சீட்டு இல்லையேம்மா?"

"ஹைட்ரஜனுக்குச் சீட்டு கிடையாது சார்," என்றாள் கவுன்ட்டர் பெண். "அது நட்சத்திரமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, பிரபஞ்சம் பொறந்தப்பவே உண்டானது. கேஸா குடுத்தா ஆபத்துன்னு தண்ணியாக்கிக் குடுக்கறோம். நிறைய பேர் இங்கயே கொட்டிடச் சொல்லிடுவாங்க."

அவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வாசல் வாளி காலியாக இருந்தது. குழாயிலும் தண்ணீர் இல்லை. சாவுக்குப் போய்வந்தால், சுகன்யா அவரை அப்படியே படி ஏற விட்டதில்லை. சட்டையோடு நிற்கவைத்துத் தலையில் மூன்று சொம்பு ஊற்றுவாள். அதன் பிறகுதான், "ம், இப்ப உள்ள வாங்க" என்பாள்.

வாளிக்குள் கிடந்த சொம்பை எடுத்தார். வெகுநேரம் தயங்கிவிட்டு ஒரு கேனைத் திறந்தார். மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டார். வெயிலில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூப்பிடட்டும் என்று வெளியிலேயே நின்றார்.