பன்னிரண்டாவது புத்தகம்

"ரெண்டு மாசமா புத்தகத்தைத் திருப்பித் தராம வச்சிருக்காங்களே, என்ன மனுஷங்க!" நூலகரின் மேசையைத் தட்டினாள் அவள்.

"மெதுவா பேசுங்க மேடம்."

"ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு, இந்த வருஷம் பன்னெண்டு புத்தகம் படிச்சே தீருவேன்னு பதினொண்ணு முடிச்சிட்டேன். வருஷம் முடிய இன்னும் நாலே நாள். மிச்சம் அந்த ஒண்ணுதான். யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

நூலகர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கேளுங்க."

திரையில் இருந்தது அவள் பெயர்.

முகம் சிவக்க, கணவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, சின்னவனுக்கு மேசை எட்டலைன்னு நாற்காலியில ஒரு தடிப் புத்தகத்தைப் போட்டேனே… தினம் அது மேல உக்கார வச்சு ஊட்டுறது நீங்கதானே? அது என்ன புத்தகம்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"